எரியும் பாதத்தில் உணராத குண்டூசி: கை, கால் எரிச்சல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் வந்தது பாத எரிச்சலுக்காக. செருப்பைக் கழற்றச் சொல்லி இடது காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலுக்குச் சற்று முன்னால், தடித்த தோலுக்குள் ஒரு குண்டூசியின் முறிந்த பாதி புதைந்திருந்தது. சுற்றிலும் லேசான சிவப்பு. தொட்டால் கொஞ்சம் சூடு. எப்போது குத்தியது என்று கேட்டேன்.

"எதுவும் குத்தலையே டாக்டர். எரிச்சல்தான் தாங்க முடியலை."

இடுக்கியால் அதை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தான் தைக்கும் துணியில் குத்தி வைக்கும் அதே ஊசி. நெருப்பில் வைத்தது போல எரிவதாகச் சொன்ன காலுக்கு, உண்மையில் குத்திய ஊசி தெரியவில்லை. நான் இதை எழுதக் காரணமே அந்தக் கிண்ணத்தில் கிடந்த ஊசிதான்.

அன்று அவர் என்னிடம் வந்தது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நான் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

பின்னணி

வயது 58. முப்பது ஆண்டுகளாகத் தையல் வேலை. சர்க்கரை நோய் 11 ஆண்டுகளாக. மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மி.கி. நெஞ்செரிச்சல் என்று எப்போதோ தொடங்கிய பேன்டோபிரசோல் 40 மி.கி., ஆறு ஆண்டுகளாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. மது, புகையிலைப் பழக்கம் இல்லை. காசநோய் மருந்தோ புற்றுநோய் மருந்தோ எடுத்ததில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இல்லை.

எரிச்சல் தொடங்கி 14 மாதம். இரண்டு உள்ளங்கால்களிலும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தது. பகலில் வேலை மும்முரத்தில் மறந்துவிடும். படுத்த அரை மணி நேரத்தில் காந்தத் தொடங்கும். போர்வை நுனி பட்டாலும் சுள்ளென்று இழுக்கும். "மிளகாய் பட்ட கை எப்படி இருக்கும், அது மாதிரி கால் இருக்கு" என்றார். தூக்கம் வராமல், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த நீர் வைத்துக் கால்களை அதில் விட்டபடி சுவரில் சாய்ந்து தூங்கப் பழகியிருந்தார்.

முதல் முறை வந்தபோது அவருடைய கோப்பில் சர்க்கரை நோய் என்ற வரியைப் பார்த்தேன், எரிச்சல் என்ற குறையைக் கேட்டேன், இரண்டையும் இணைத்துக் கோடு போட்டுவிட்டேன். 'நீரிழிவு நரம்புப் பாதிப்பு' என்று எழுதி, நரம்பு வலியைத் தணிக்கும் பிரெகாபலின் 75 மி.கி. காலை, இரவு. இரண்டாவது முறை குறையவில்லை என்றார். அளவை நாளுக்கு 300 மி.கி. ஆக்கினேன். அந்த அளவில் கால் வீங்கியது, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், எரிச்சலோ அப்படியே. அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) நான்கு ஆண்டுகளாக 6.6க்கும் 7.1க்கும் நடுவில் நின்றது. சர்க்கரை இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது எரிச்சல் ஏன் மாதா மாதம் ஏறுகிறது?

மூன்றாவது வருகையில் புதிதாகச் சொன்னது கைகளைப் பற்றி. ஐந்து மாதமாக வலது கை விரல்கள் இரவில் எரிகின்றன. எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலாம். பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. ஆனால் இடது கையில் உதறினாலும் குறையவில்லை. விரல் நுனி எல்லாம் மதமதப்பு. பட்டன் கையிலிருந்து நழுவுகிறது. நூல் கோக்கும்போது நூல் விரலில் இருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால்தான் தெரிகிறது.

கூட வந்த மகள்தான் இன்னொன்றைச் சொன்னார். "காலையில முகம் கழுவும்போது அம்மா தள்ளாடுறாங்க. குழாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கழுவுறாங்க." பிரெகாபலின் மயக்கம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். கேட்ட மறுநொடி நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எரிகிறது, ஆனால் உணரவில்லை

பலரைக் குழப்பும் இடம் இது. மரத்த கால் எப்படி எரியும்? எரியும் கால் எப்படி மரக்கும்?

தோலுக்குள் வந்து முடியும் நரம்பிழைகளில் மெல்லியவை சூட்டையும் வலியையும் சொல்பவை. தடித்தவை தொடுகை, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்பவை. மெல்லிய இழைகளின் நுனியில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி ஒன்று உண்டு. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் அதே ஏற்பிதான் திறக்கும். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு இதை அடையாளம் கண்டது. 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்தப் பணியும் காரணம். ஆக, மிளகாய் பட்ட கை மாதிரி என்று அந்த அம்மா சொன்னது வெறும் உவமை இல்லை. சூடும் மிளகாயும் மூளைக்கு ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன.

இந்த மெல்லிய இழைகள் நலியும்போது இரண்டு நடக்கும். நுனிகள் பட்டுப்போவதால் வெளியிலிருந்து வரும் சேதி குறையும். ஊசி குத்தினாலும் தெரியாது. மிச்சமிருக்கும் இழைகளோ எதுவும் படாமலே தாமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பை மூளை தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் படிக்கும்: நெருப்பு. எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதிப்பின் இரண்டு முகங்கள். அதனால்தான், எரிச்சல் இருக்கிறது என்பதற்காக உணர்வு இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எரியும் காலைத்தான் தினமும் குனிந்து பார்க்க வேண்டும்.

நரம்பின் நீளத்துக்கும் இதில் பங்குண்டு. கால் விரலுக்குப் போகும் இழை இடுப்பருகிலிருந்து கிளம்பி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிறது. சத்தும் பராமரிப்பும் அதன் கோடிமுனைக்குப் போய்ச் சேர்வதுதான் கடினம். சர்க்கரையால் வரும் பாதிப்பு ஆகவே விரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மெதுவாக மேலேறும். முழங்காலை நெருங்கும் வேளையில்தான், கிட்டத்தட்ட அதே நீளமுள்ள கை நரம்புகளின் நுனியில் தொடங்கும். காலுறையும் கையுறையும் போட்ட மாதிரி என்று நாங்கள் சொல்வது இந்த வரிசையைத்தான்.

இந்த அம்மாவுக்குக் காலில் எரிச்சல் கணுக்காலைத் தாண்டவில்லை. ஆனால் கை வந்துவிட்டது. வரிசை தப்புகிறது. அப்படித் தப்பினால் மூன்றை நினைக்க வேண்டும்: கைக்கு மட்டும் தனியாக ஒரு காரணம் இருக்கலாம், கோளாறு கை, கால் நரம்புகளில் இல்லாமல் தண்டுவடத்தில் இருக்கலாம், அல்லது உணர்வு நரம்பணுக்களே நேரடியாகத் தாக்கப்பட்டிருக்கலாம்.

பரிசோதனை

கால் விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து ஊறி, பூஞ்சைத் தொற்றோடு இருந்தது. வாளித் தண்ணீர் செய்த வேலை. வலது சுண்டுவிரல் அருகே ஒரு வெடிப்பு. பாதத்து நாடித்துடிப்பு இரண்டு பக்கமும் நன்றாகக் கிடைத்தது. எரியும்போது பாதம் முழுக்கச் சிவந்து சூடேறுவது இல்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டபோது உள்ளங்காலில் பாதி இடங்களில் தெரியவில்லை.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்தேன். "என்ன தெரியுது?" "இரும்பு ஜில்லுனு இருக்கு." "அதிருதா?" "இல்லை." கணுக்காலிலும் இல்லை. முழங்காலில்தான் லேசாக. அவர் எரிச்சல் சொன்னது கணுக்கால் வரை. அதிர்வு தொலைந்தது முழங்கால் வரை. கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டேன். பத்தில் நான்கு தப்பு.

பிறகு எழுந்து நிற்க வைத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து, கண்ணை மூடச் சொன்னேன். மூன்று நொடிக்குள் சாய்ந்தார், பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்ததும் நேராக நின்றார். மருந்து மயக்கமாக இருந்தால் கண்ணைத் திறந்தாலும் ஆட்டம் ஓரளவு நிற்காமல் இருந்திருக்கும். இங்கே கண் மட்டுமே அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. முகம் கழுவும்போது சோப்புக்காகக் கண்ணை மூடுகிறோம். காலுக்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்ற சேதி மேலே போகாதவர்களுக்கு அந்த நேரம்தான் ஆபத்து. மகள் சொன்னது இதைத்தான்.

சுத்தியலால் தட்டினால் கால் தானாகத் துள்ளும் அனிச்சைச் செயல்களில் இன்னொரு முரண். கணுக்கால் அனிச்சை இல்லை. முழங்கால் அனிச்சையோ வழக்கத்தைவிடத் துள்ளியது. நரம்பு மட்டும் கெட்டிருந்தால் எல்லாம் மந்தமாக வேண்டும். கீழே மந்தம், மேலே துள்ளல் என்றால் நரம்போடு தண்டுவடமும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கூட்டணிக்குப் பெயர்போன காரணம் ஒன்று உண்டு: வைட்டமின் பி12 குறைவு.

வலது கை தனிக்கதையும் வைத்திருந்தது. மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்தபோது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் எரிச்சல் ஏறியது, சுண்டுவிரலில் இல்லை. நடு நரம்பு மணிக்கட்டுக் குகையில் நெரிபடும் அடையாளம் அது. கத்தரிக்கோலை அன்றாடம் மணிக்கணக்கில் பிடிக்கும் கை. சர்க்கரை நோயுள்ளவர்களிடம் இந்த நெரிசல் கூடுதலாகவே காணப்படும். உதறினால் குறைவது வலது கை மட்டும் என்று அவர் சொன்னதற்கும் இதுவே விளக்கம்.

பி12 முடிவும் அதன் பொறியும்

ரத்தத்தில் பி12 அளவு 286 பிகோகிராம்/மி.லி. என்று வந்தது. ஆய்வகத் தாளில் 200க்கு மேல் இயல்பு என்று அச்சிட்டிருந்தது. தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லை. ஹீமோகுளோபின் 12.1, சிவப்பணுவின் சராசரிப் பருமன் 96, அவையும் இயல்பு. இந்தத் தாளை மட்டும் பார்த்தால் பி12 கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முடியாமல் போனதற்கு அவருடைய கைப்பைதான் காரணம். எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் காட்டச் சொன்னபோது, மருந்துச்சீட்டில் இல்லாத இரண்டு அட்டைகள் வெளியே வந்தன. 'நரம்புக்குச் சத்து' என்று தெரிந்தவர்கள் சொன்னது. மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்), ஃபோலிக் அமிலம், பி6 கலந்தவை. இரண்டு மாதமாக, எரிச்சல் அதிகமான நாளில் இரண்டையும் போடுவார். தேவலாம் என்றால் ஒன்றையும் தொடமாட்டார். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய வாரம் முழுக்கப் போட்டிருந்தார். சில நாள் மாத்திரையே ரத்த அளவைத் தூக்கிக் காட்டிவிடும். நரம்புக்குள் இருக்கும் வறட்சியை அது சொல்லாது.

200 முதல் 300 வரையான அளவு சந்தேக எல்லை. அந்த எல்லையில் கேட்க வேண்டியது உடம்பு பி12-ஐப் பயன்படுத்துகிறதா என்பதை. பி12 இல்லாவிட்டால் இரண்டு வேதிவினைகள் தடைபட்டு, மெத்தில்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டினும் தேங்கும். இவருக்கு மெத்தில்மலோனிக் அமிலம் 1.1 மைக்ரோமோல்/லிட்டர், 0.4க்குள் இருக்க வேண்டியது. ஹோமோசிஸ்டின் 31, 15க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் நலிந்தாலும் இவை ஏறும் என்பதால் கிரியாட்டினினைப் பார்த்தோம், இயல்பு. கழுத்துத் தண்டுவட எம்.ஆர்.ஐ.யில், அதிர்வும் மூட்டு நிலையும் மேலே போகும் பாதைகளான பின்புறத் தூண்களில் கூரை வடிவில் ஒரு மெல்லிய வெண்மை.

ரத்தச்சோகை இல்லையே என்று பலர் கேட்பார்கள். 1988இல் லிண்டன்பாம் குழு, பி12 குறைவால் நரம்பு, மனநலக் குறைகள் வந்த 141 பேரை ஆராய்ந்து, அவர்களில் 40 பேருக்கு ரத்தச்சோகையோ பெருத்த சிவப்பணுவோ இல்லை என்று வெளியிட்டது. ரத்தம் நன்றாக இருப்பதை வைத்து நரம்பும் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்ட முடியாது. அதோடு, அந்தச் சத்து மாத்திரையிலிருந்த ஃபோலிக் அமிலம் ரத்தப் படத்தைச் சரிசெய்து காட்டும். நரம்பின் சேதத்தை நிறுத்தாது. பி12 இருக்கிறதா என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தைத் தனியே கொடுப்பதை நான் வன்மையாக எதிர்ப்பது இதனால்தான்.

குறைவு எங்கிருந்து வந்தது? உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரிக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்பட வேண்டும். அமிலத்தைப் பேன்டோபிரசோல் ஆறு ஆண்டாக அடக்கிவைத்திருந்தது. குடலின் அந்தக் கடைசிப் பகுதியில் உறிஞ்சுவதை மெட்ஃபார்மின் 11 ஆண்டாகத் தடுத்துவந்தது. உடம்பில் 2 முதல் 5 மி.கி. வரை இருப்பு, நாளுக்குத் தேவையோ 2.4 மைக்ரோகிராம் மட்டும். அதனால் இருப்பு கரைய ஆண்டுகள் பிடிக்கும், மருந்து தொடங்கிய நாளோடு யாரும் அதை இணைத்துப் பார்ப்பதில்லை. மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவின் அறிகுறி தென்பட்டால் சோதிக்க வேண்டும் என்று 2022இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவுறுத்தியது. மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்ப்பது அந்த மருந்தோடு சேர்ந்த கடமை என்கிறேன்.

வேறு என்னவெல்லாம் தேடினோம்

தைராய்டு, கல்லீரல், எச்.ஐ.வி., ரத்தப் புரதப் பகுப்பு எல்லாம் இயல்பு. நரம்புக் கடத்தல் சோதனையில் வலது மணிக்கட்டில் நடு நரம்பு தாமதித்தது. கால்களில் உணர்வு அலைகள் சிறுத்திருந்தன.

இந்தச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. அது தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் கெட்டு எரியும் ஒருவருக்கு இது முற்றிலும் இயல்பாக வரும். அவரிடம் 'நரம்பில் ஒன்றுமில்லை, மனதில்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது அநியாயம். கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவுத் தோல் துணுக்கு எடுத்து மேல்தோலில் நுழையும் இழைகளை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். சர்க்கரை நோயாக மாறாத முன்னிலையில், அதாவது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருக்கும் நிலையிலேயே, இந்த மெல்லிழைப் பாதிப்பு தொடங்கிவிடுவதும் உண்டு.

மற்ற காரணங்களில் பெரும்பாலானவற்றைக் கேள்விகளாலேயே பிரித்துவிடலாம். நெடுநாள் மது. காசநோய்க்கான ஐசோனியாசிட், அதோடு பி6 சேர்த்துக் கொடுக்காவிட்டால் கால் எரியும். பாக்லிடாக்செல், வின்கிரிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள். நீண்ட நாள் மெட்ரோனிடசோல், லினசோலிட். சிறுநீரகச் செயலிழப்பு. திட்டுத்திட்டாக உணர்வு போய் நரம்பு தடித்துத் தட்டுப்பட்டால் தொழுநோய். கண்ணும் வாயும் வறண்டால் ஷோக்ரென் நோய். சிறுவயதிலிருந்தே காய்ச்சலின்போதும் வெயிலின்போதும் கை கால் எரிந்து, வியர்வையும் குறைவாக இருந்தால் ஃபாப்ரி என்ற பரம்பரை நோய். அரிது, ஆனால் அதற்கென்றே சிகிச்சை இருப்பதால் தவறவிடக் கூடாது. பாதம் சிவந்து கொதித்து, குளிர்ந்த நீரில் உடனே அடங்கினால் அது எரித்ரோமெலால்ஜியா. வலியிழைகளிலுள்ள சோடியம் வாயில் ஒன்றின் மரபணு மாற்றத்தாலும் வரும், ரத்தத்தட்டுகள் பெருகுவதாலும் வரும். பின்னதற்கு ஆஸ்பிரின் நன்றாகக் கேட்கும்.

இன்னொன்றைச் சிலருக்கு நாமே உண்டாக்குகிறோம். வெகுநாள் உயரத்தில் இருந்த சர்க்கரையை மூன்றே மாதத்தில் மளமளவென்று இறக்கினால் கடும் எரிச்சல் கிளம்பலாம். எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் விழுந்தால் இந்த வாய்ப்பு உயர்கிறது. இவருக்கு அது பொருந்தவில்லை.

பாத எரிச்சலைச் சத்துக் குறைவோடு இணைத்துப் பார்த்தது புதிதல்ல. இரண்டாம் உலகப்போரின் கிழக்காசியக் கைதி முகாம்களில் அரைப்பட்டினியில் கிடந்தவர்கள் இரவெல்லாம் பாத எரிச்சலால் தூங்காமல் தவித்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. 1946இல் சி. கோபாலன் இந்த எரிபாத நோயை ஆராய்ந்து பான்டோதெனிக் அமிலத்தின் பங்கைச் சுட்டினார். அந்தக் காலத்துப் பட்டினி வேறு, மாத்திரைகளால் உள்ளுக்குள் உண்டாகும் இந்தப் பட்டினி வேறு. நரம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அழுகிறது.

சிகிச்சை

பி12-இன் இன்னொரு வடிவமான ஹைட்ராக்சோகோபாலமின் 1000 மைக்ரோகிராம் தசை ஊசி. ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று வாரம், பிறகு வாரம் ஒன்றாக இரண்டு மாதம், அதன்பின் மாதம் ஒன்று. வாய்வழி மாத்திரையும் பெரிய அளவில் வேலை செய்யும். 1000 மைக்ரோகிராமில் சுமார் 1 விழுக்காடு குடலில் தானாகவே கசிந்து உள்ளே போகும். ஆனால் தண்டுவடம் தொடப்பட்டிருக்கும்போது மாத்திரையை நம்பி நாள் கடத்துவது எனக்கு உடன்பாடில்லை. இங்கே காலம் முக்கியம்: ஆறு மாதத்துக்குள் பிடித்தால் மீள்வது ஒன்று, இரண்டு ஆண்டு கழித்துப் பிடித்தால் மீள்வது வேறு.

பைக்குள் இருந்த இரண்டு சத்து மாத்திரைகளையும் நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்த நாட்களில் பி6 மட்டுமே 100 மி.கி.யைத் தாண்டியிருந்தது. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் கெடும். நாளுக்கு 2 கிராமும் அதற்கு மேலும் போட்டவர்கள் நடக்க முடியாமல் போனது 1983இலேயே வெளியானது. அதற்கு மிகக் குறைந்த அளவும் நெடுநாளில் ஆகாது என்று, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான மேல்வரம்பை நாளுக்கு 12 மி.கி. என்று நிர்ணயித்தது. எரிச்சலுக்கென்று வாங்கும் மாத்திரையே எரிச்சலை வளர்க்கும் என்பதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

பேன்டோபிரசோலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். அது தொடரத் தேவையான காரணம் இப்போது எதுவும் இல்லை.

பிரெகாபலினை 300இலிருந்து இறக்கினேன். ஒரேயடியாக விட்டால் தூக்கமின்மையும் படபடப்பும் வரும் என்பதால் வாரம் 75 மி.கி. வீதம், இரவில் ஒரு 75 மட்டும் மிஞ்சும் வரை. அதோடு இரவு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தொடங்கினேன். தொடங்குமுன் ஈ.சி.ஜி. பார்த்தோம், கண் அழுத்தமும் சிறுநீர்த் தடையும் இல்லை என்று உறுதிசெய்தோம். நீரிழிவு நரம்பு வலி பற்றி 2022இல் வெளியான ஆப்ஷன்-டிஎம் ஆய்வில் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், பிரெகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் வலிக்குறைவு ஏறத்தாழ ஒன்றே. ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்ப்பது உதவியது. எந்த மருந்து உசத்தி என்ற சண்டையில் எனக்கு அக்கறையில்லை. இந்த மருந்துகள் எரிச்சலின் குரலைத் தணிப்பவை; நரம்பைத் தின்னும் காரணத்தை அவை தொடுவதில்லை. இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பாதத்துக்கு: குண்டூசிக் காயத்துக்கு டெட்டனஸ் ஊசியும் தொற்றுக்கு மருந்தும், விரல் இடுக்குக்கு டெர்பினாஃபின் களிம்பு. வாளி அன்றோடு போயிற்று. குளிர்ந்த நீரில் ஊறும் தோல் வெடிக்கும், வெடித்த இடத்தில் புண் வரும், மரத்த காலுக்கு அது தெரியாது. ஐஸ் அதைவிட மோசம், வெந்நீரும் அப்படியே. தாங்க முடியாத இரவில் ஈரத்துணியால் ஐந்து நிமிடம் துடைத்து, உடனே நன்றாக உலர்த்தச் சொன்னேன். வீட்டுக்குள்ளும் செருப்பு. தையல் இயந்திரத்தின் அடியில் தினமும் காந்தக்கட்டியால் துழாவ வேண்டும். இரவில் மகள் கைவிளக்கோடு இரண்டு உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்.

வலது மணிக்கட்டுக்கு இரவில் நேராகப் பிடித்துவைக்கும் பட்டை, ஆறு வாரம்.

நாட்கள் போனபின்

இரண்டாம் வாரம் தொலைபேசியில் அழைத்தார். கை எரிச்சல் முன்னைவிடக் கூடிவிட்டது, ஊசி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்தார். ஊசி தொடங்கிய புதிதில் சிலருக்கு இப்படி ஆவதை முன்பும் பார்த்திருக்கிறேன். தொடரச் சொன்னேன். நான்காம் வாரம் தணிந்தது.

ஐந்தாம் வாரம் குழாயைப் பிடிக்காமல் முகம் கழுவினார். மூன்றாம் மாதம் மெத்தில்மலோனிக் அமிலம் 0.2, ஹோமோசிஸ்டின் 11. ஆனால் எரிச்சல் இன்னும் இருந்தது: பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்து. ரத்தத் தாள் வாரங்களில் சரியாகும், நரம்பு மாதங்களில்தான் நகரும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அவர் மனம் தளரவில்லை. நான்காம் மாதம் மிச்சமிருந்த பிரெகாபலினையும் நிறுத்தினோம். கால் வீக்கம் வடிந்தது.

வலது கை பட்டை போட்ட ஆறே வாரத்தில் இரவு எரிச்சலை விட்டது. குறைந்திருக்காவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி, அதன்பின் சிறு அறுவை என்று யோசித்திருப்போம். கட்டைவிரல் மேட்டுத் தசை வற்றாமல் இருந்ததால் காத்திருக்க முடிந்தது. இடது கைவிரல்களின் மதமதப்பு ஊசிகளோடு மெல்ல விலகியது.

இதே எரிச்சலோடு வரும் எல்லோரும் இப்படி மாதக்கணக்கில் காத்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நாட்களுக்குள் காலில் தொடங்கி மேலேறும் பலவீனம், மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், சிறுநீர் கட்டுப்படாமல் போவது, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்துப்போவது, பாதத்தில் புண் அல்லது கருப்பு: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தபோது நான்கு நொடி வரை அதிர்வு தெரிந்தது. கண் மூடி அரை நிமிடம் நின்றார், லேசான ஆட்டத்தோடு. முழங்கால் அனிச்சை இன்னும் கொஞ்சம் துள்ளுகிறது. இரண்டு கால்களிலும் பெருவிரலும் அடுத்த விரலும் இரவில் இன்னும் காந்துகின்றன, பத்துக்கு மூன்று. அது சர்க்கரை விட்டுச்சென்ற பங்கு என்றே கருதுகிறேன். அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தொடர்கிறது, எச்பிஏ1சி 6.7.

புறப்படும்போது, அளவு எழுதிவைக்கும் நோட்டை எடுத்து அதன் பின்னட்டையைக் காட்டினார். மாதாந்திர ஊசித் தேதிகள் அங்கே வரிசையாக எழுதியிருந்தன, ஒவ்வொன்றின் எதிரிலும் மகளின் கையெழுத்தில் 'கால் பார்த்தாச்சு'. அடுத்த தேதியை நான் அதில் எழுதிக் கொடுத்தேன்.